ஊதாதீங்க, மொயானோ!

4

கொர்தோபா நகரத்தில் துப்பறியும் தொழில் பார்ப்பவர்கள் மொத்தம் மூன்று பேர். அந்த மூவரில் தன்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒலெகாரியோ மொயானோ கேட்காமல் இருந்திருக்கலாம். புகழ்ச்சிக்கு ஆசைப்பட்டுக் கேட்டுவிட்டார்.

"மூணு பேர்ல நீங்கதான் விலை கம்மி" என்றார் பேட்டரி லேப் நடத்தும் டாக்டர் வெர்னெங்கோ.

பக்கத்து நாற்காலியில் இருந்த இர்மா இருமினாள். சிரிப்பை இருமலாக மாற்றுவதில் அவள் கெட்டிக்காரி. பதினாறு வருடம் டாக்ஸி ஓட்டியவள். மொயானோவின் கார் நடுரோட்டில் படுத்த அன்று அவரை ஏற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு இறக்கிவிடவே இல்லை. உதவியாளர் என்று தன் பெயருக்குக் கீழே அவளே அட்டை அச்சடித்துக்கொண்டாள். எல்லோருக்கும் பட்டப்பெயர் வைப்பது அவளுக்கு ஊர்ப்பழக்கம். மொயானோவுக்கு அவள் வைத்த பெயர் 'ஆபீஸ் ஃபேன்'. தலையை ஆட்டிக்கொண்டே இருக்குமாம், காற்று வராதாம்.

அந்த ஊரில் ஜனவரிதான் உச்சக் கோடை, வெளியே வெயில் கொளுத்தியது. டாக்டரின் அறையில் நிஜ ஃபேன் ஓடவில்லை, விளக்கும் எரியவில்லை. அந்த அரையிருட்டில் டாக்டர் சுரைக்குடுவையில், அந்த ஊரார் தேயிலைபோலக் குடிக்கும் மாத்தே இலையைக் கொட்டி, ஃப்ளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, உலோகக் குழலைச் செருகி, முதல் குடுவையை மொயானோவிடம் நீட்டினார். மாத்தேவில் முதல் ஊற்றுதான் கடும் கசப்பு. அதை ஊற்றுகிறவரே குடித்துத் தீர்ப்பதுதான் வழக்கம். முதல் குடுவையையே தனக்குத் தருகிறார் என்றால் எவ்வளவு மரியாதை வைத்திருக்க வேண்டும் என்று மொயானோ உள்ளுக்குள் பூரித்துப்போனார். விலை கம்மி என்று சொன்னது அதில் கொஞ்சம் மறந்தது.

இரண்டாவது குடுவை இர்மாவுக்கு வந்தது. ஒரு உறிஞ்சு உறிஞ்சினாள். "நன்றி டாக்டர்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். மாத்தே சுற்றில் நன்றி சொன்னால் எனக்குப் போதும் என்று பொருள். ஒரு ஃப்ளாஸ்கைத் தனியாளாகக் காலி செய்கிற இர்மா ஒரே வாயில் நன்றி சொன்னது மொயானோவுக்கு வியப்பாக இருந்தது. வயிறு சரியில்லை போலும் என்று விட்டுவிட்டார். இப்படி விட்டுவிடுவதுதான் அவருடைய தொழில்முறை.

டாக்டர் இரும்பு அலமாரியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தார். உள்ளே தபால்தலை அளவில் பதினான்கு பேட்டரித் தட்டுகள். எல்லாவற்றின் மேலும் லேசாக வெள்ளை பூத்திருந்தது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதினாலு நல்ல தட்டை ஈரம் புகாத பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டினோம். திங்கக்கிழமை காலைல தொறந்தா பதினாலு குப்பை. நம்ம தட்டு பளபளன்னு இருக்கும். இது எவனோ கழிச்சுப்போட்ட போலி. லேப் சாவி ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு டெக்னீஷியன் நெலிதாகிட்ட."

"நீங்க எடுக்கலைன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றாள் இர்மா.

"என் பொருளை நானே எதுக்கும்மா திருடணும்?" டாக்டர் மேசை மேலிருந்த தட்டச்சுக் கடிதத்தைத் தட்டிக் காட்டினார். "போன வியாழக்கிழமை எதிர்க் கம்பெனி ஆள் ஒருத்தன் அவளோட பஸ் ஸ்டாப்புல நின்னு பேசினான். என் கண்ணால பார்த்தேன். அஞ்சு மணிக்குப் புவனோஸ் அய்ரெஸ்லருந்து பங்குதாரங்க வர்றாங்க. அவங்க முன்னாடி இந்தப் புகார்ல கையெழுத்துப் போட்டு போலீசுக்கு அனுப்பப் போறேன். அதுக்குள்ள நிஜத் தட்டு எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க."

இர்மா டப்பாவை ஜன்னல் பக்கம் தள்ளி, தட்டுகளைத் தன் போனில் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தாள். மொயானோவும் எடுத்தார். அவர் எடுத்த படங்களில் அவருடைய கட்டைவிரல் தெளிவாக விழுந்திருந்தது.

நெலிதா லேபில் காத்திருந்தாள். நாற்பத்தெட்டு வயது, தலையில் துணித்தொப்பி, அழுது வீங்கிய கண்கள். அவளுக்குப் பின்னால் ஒரு எஃகு இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அதன் வட்டக் கண்ணாடி வழியாக இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த ஒளி தெரிந்தது.

"அது நைட்ரஜன்" என்றாள். "அந்த ஒளி பட்டுப் பட்டுத்தான் தட்டு மேல படலம் படியுது. ஒரு தலைமுடியில நூத்துல ஒரு பங்கு கனம். பார்க்கறதுக்குக் கண்ணாடி. ஆனா அந்தத் திடக் கண்ணாடிக்குள்ள லித்தியம் அயனி நடந்து போகும். வெறும் ஆர்கான் வாயுல செஞ்சா நொண்டும், நைட்ரஜன்ல செஞ்சா ஓடும். உள்ள திரவமே கெடையாது, அதனால ஒழுகாது, தீப்பிடிக்காது. உடம்புக்குள்ள வெக்கிற கருவிக்கெல்லாம் இந்த பேட்டரியைத்தான் கேக்கறாங்க."

"எல்லாரையும் உள்ள விடுமா?" என்றார் மொயானோ.

"லித்தியத்தை மட்டும்தான். எலக்ட்ரான் வெளிக் கம்பி வழியா சுத்தித்தான் வரணும், அப்பதான் விளக்கு எரியும். படலத்துல ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் குறுக்கால பூந்துடும். பேட்டரி அவ்வளவுதான்."

மொயானோவுக்குத் தன் அடுக்குமாடியின் காவலாளி ஞாபகம் வந்தது. பதினோரு வருடமாகக் குடியிருக்கும் மொயானோவை நிறுத்தி யார் நீ என்று கேட்பான். சைக்கிள் திருட வந்தவனுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். இந்தப் படலத்திடம் அவன் பாடம் படிக்கலாம் என்று சொன்னார். நெலிதா சிரிக்கவில்லை.

"திங்கக்கிழமை அளந்தப்போ லித்தியம் முப்பதுல ஒரு பங்குகூட நகரலையாம். டாக்டர்தான் அளந்தார். தட்டை என் கண்ணுலகூட காட்டல. சாட்சியமாம், பூட்டிட்டார். பத்தொம்பது வருஷம் மொயானோ. இப்ப என் கையை நானே சந்தேகப்படறேன். போலீஸ் காகிதத்துல பேர் வந்துட்டா இந்த ஊர்ல எந்த லேப் வாசலையும் நான் மிதிக்க முடியாது."

அவள் ஒரு உபரித் தட்டை இடுக்கியால் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். மழை ரோட்டில் சிந்திய பெட்ரோல்போல அதில் பச்சையும் ரோஜா நிறமும் ஓடின.

"கனம் மாற மாற நிறம் மாறும். அதனால ஒரு தட்டு மாதிரி இன்னொண்ணு இருக்காது. நான் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வெச்சுப்பேன், புள்ளைங்களை எடுக்கற மாதிரி."

தட்டின் ஓரத்தில் ஒரு தூசு ஒட்டியிருந்தது. மொயானோ நாற்பது வருடமாக மூக்குக் கண்ணாடி போடுகிறவர். கை தானாக வேலை செய்தது. தட்டை வாய்க்கருகே கொண்டுபோய், "ஹா..." என்று ஊதி, சட்டைக் கையால் துடைத்தார்.

"ஊதாதீங்க, மொயானோ!"

அவள் போட்ட சத்தத்தில் இர்மாவே ஓர் அடி பின்வாங்கினாள்.

"ஈரம்தான் இதுக்கு ஒரே எதிரி! மூச்சுக்காத்து ஆகவே ஆகாது! பெட்டிக்குள்ள ஒரு சொட்டு ஈரம் இல்லாம வெக்கறோம், நீங்க வாயால..."

அதற்குள் இயந்திரத்தில் ஏதோ மணி அடிக்க, அவள் அந்தப் பக்கம் ஓடினாள். தட்டை எங்கே வைப்பது என்று மொயானோவுக்குத் தெரியவில்லை. கேட்டால் மறுபடியும் திட்டு விழும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர்போல மேற்கூரையை ஆராய்ந்தார்.

நெலிதாவின் போட்டோக்களை வாங்கிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். இர்மா இரண்டு டாக்ஸிக்காரர்களுக்குப் போன் செய்து, எதிர்க் கம்பெனி ஆளை ஒரு காப்பிக்கடையில் பிடித்துவிட்டாள். மொயானோ வேவு பார்ப்பதற்கு வாங்கிய தொப்பியைத் தலையில் வைப்பதற்குள் அவன் பேசி முடித்துவிட்டான்.

"தட்டா? வேலைக்குக் கூப்பிட்டேங்க. ரெண்டு மடங்கு சம்பளம் தர்றேன்னேன். வர மாட்டேன்னுட்டாங்க. அந்த மனுஷனைத் தனியா விட்டா லேபை நாசம் பண்ணிடுவார்னாங்க."

மதியம் இரண்டு மணி. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கப் போயிருந்தது. சுக்கியா ஆற்றோரத்தில் ஒரே ஒரு ரொட்டிக்கடை திறந்திருந்தது. இருவரும் ரொட்டிக்குள் இறைச்சி வைத்த லொமீத்தோ ஆளுக்கொன்று வாங்கி நிழலில் உட்கார்ந்தார்கள். இருந்த ஒரே தடயமும் கைவிட்டுப் போனதில் மொயானோவுக்கு வியர்த்துக் கொட்டியது. முகம் துடைக்கச் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை உருவினார். கூடவே தட்டும் வந்து ரொட்டியின் மேல் விழுந்தது.

"திருடினீங்களா தலைவரே?"

"வெக்கறதுக்கு எடம் தெரியல."

"எல்லாத் திருடனும் அதைத்தான் சொல்றான்." இர்மா தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். சிரிப்பை நிறுத்தினாள். "இங்க பாருங்க."

காலையில் பளபளத்த தட்டின் மேல் வெள்ளை பூத்திருந்தது. நான்கு மணி நேரம் மொயானோவின் ஈரச் சட்டைப்பையில் வெந்த பலன். அலமாரியில் பார்த்த அதே வெள்ளை. ஆனால் அந்த வெள்ளைக்கு அடியில் பச்சையும் ரோஜாவும் அப்படியே இருந்தன.

மொயானோ ரொட்டியைக் கீழே வைத்தார். அவர் ரொட்டியைப் பாதியில் வைப்பது அபூர்வம். "நீ எடுத்த படத்தைக் காட்டு. நெலிதாவோட படத்தைப் பக்கத்துல வை."

வெள்ளிக்கிழமைப் படத்தில் ஏழாவது தட்டின் மூலையில், கவ்வி பிடித்த இடத்தில், நீலத்துக்கு நடுவே ஒரு மஞ்சள் கீற்று. இன்று எடுத்த படத்தில், வெள்ளைக்கு அடியில், அதே மூலையில் அதே கீற்று. மூன்றாவது தட்டு பொருந்தியது. பதினொன்றாவதும் பொருந்தியது.

"போலி இல்ல இர்மா! இது நெலிதாவோட தட்டேதான். யாரும் எதையும் மாத்தல. உள்ள ஈரம் பூந்திருக்கு, அவ்வளவுதான். இந்தக் கேஸ்ல திருட்டே நடக்கல!"

"ஒரு திருட்டு நடந்திருக்கு" என்றாள் இர்மா, தட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டே. "கூடவே ஒரு தட்டு நாசமும். ரெண்டையும் செஞ்சவர் என் லொமீத்தோவையே பார்த்துக்கிட்டிருக்கார்."

நான்கு மணிக்கு மறுபடியும் லேபுக்குள் நுழைந்தார்கள். தட்டுகளைப் பூட்டிவைத்த ஈரம் புகாத பெட்டி, ரப்பர் கையுறைகள் தொங்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதன் பக்கவாட்டில், இரண்டு கதவு வைத்த ஓர் எஃகு உருளை இருந்தது. எந்தப் பொருளையும் முதலில் உருளைக்குள் வைத்து, வெளிக்கதவைச் சாத்தி, பம்பு போட்டுக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்த பிறகுதான் உள்கதவைத் திறந்து பெட்டிக்குள் தள்ள வேண்டும். நெலிதா அதைக் காட்டும்போதே இர்மா உருளையின் அடிப்பலகை இடுக்கில் விரலை விட்டுத் துழாவினாள். விரல் நுனியில் பச்சைத் தூள் ஒட்டியிருந்தது. வாயில் வைத்துப் பார்த்தாள்.

"மாத்தே இலை."

மொயானோ காத்திருந்த கணம் இது. மெல்லத் திரும்பி, குரலைத் தாழ்த்தி, விரலை நீட்டினார். "நெலிதா! உங்க மாத்தேவை நீங்கதானே உள்ள கொண்டுபோனீங்க?"

"எனக்கு வயித்துப் புண்ணு. எட்டு வருஷமா மாத்தேவைத் தொட்டதே இல்ல."

நீட்டிய விரலை என்ன செய்வதென்று தெரியாமல் மொயானோ அதால் காதைக் குடைந்தார்.

நெலிதா குனிந்து உருளையின் உள்கதவைத் தடவிக்கொண்டிருந்தாள். ரப்பர் வாஷரில் ஒரு நீள வெடிப்பு. "இதை மாத்தணும்னு மூணு தடவை எழுதிக் கொடுத்தேன். மூணு தடவையும் டாக்டர் அவசரமில்லைன்னு எழுதித் திருப்பிட்டார். ஈரம் காட்டற மீட்டரும் ஜூன் மாசத்துலருந்து ஓடல. ஆனா மாத்தே எப்படி உள்ள போச்சு? யாருக்குப் பைத்தியம்?"

"தலைவரே" என்றாள் இர்மா, "காலைல உங்களுக்கு ஒரு பெரிய மரியாதை கெடைச்சுதே, ஞாபகம் இருக்கா?"

"முதல் குடுவை. அதுக்கென்ன?"

"கசந்துச்சா?"

மொயானோ யோசித்தார். கசக்கவில்லை. நுரைகூட இல்லை. ஏற்கெனவே பத்துச் சுற்று வெந்நீர் கண்ட இலைபோல வெளுத்து, வெந்நீர் ருசிதான் இருந்தது. மரியாதையின் மயக்கத்தில் அதை உறிஞ்சி, நன்றாக இருக்கிறது என்று வேறு சொல்லியிருந்தார்.

"புது இலைன்னா முதல் வாயே நாக்கைப் புடுங்கணும்" என்றாள் இர்மா. "அவர் ஏன் முதல் குடுவையைத் தானே குடிக்கல? கசப்பு இருந்தாத்தானே குடிச்சுத் தீர்க்கறதுக்கு? அது குடிச்ச இலை தலைவரே. காய வெச்சுத் திரும்பப் போட்டிருக்கார். இந்தப் புழுக்கத்துல எங்க காயும்? இந்த ஊர்லயே ஈரமில்லாத எடம் ஒண்ணுதான் இருக்கு."

மூன்று பேரும் உருளையைப் பார்த்தார்கள்.

டாக்டரின் அறைக்குப் போனபோது ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. பேனா மூடி திறந்து, புகார்க் கடிதத்தின் மேல் தயாராகக் கிடந்தது.

"கண்டுபிடிச்சீங்களா?"

"கண்டுபிடிச்சாச்சு டாக்டர்" என்றார் மொயானோ. "சொல்றதுக்கு முன்னாடி ஒரு மாத்தே குடிக்கலாம். புது இலை போட்டு."

டாக்டரின் கை மாத்தே டப்பா வரைக்கும் போய் நின்றது. இர்மா எட்டி எடுத்து மூடியைத் திறந்து, மேசையில் கொஞ்சம் கொட்டினாள். வைக்கோல் நிறத்தில் வெளுத்த இலை. மொயானோ அதன் பக்கத்தில் கைக்குட்டையை விரித்து, வெள்ளை பூத்த தன் தட்டை வைத்தார்.

"இதைக் கெடுத்தது நான். நாலு மணி நேரம் என் வியர்வையில கெடந்துச்சு. அந்தப் பதினாலைக் கெடுத்தது எந்த ஈரம்னு நீங்க சொல்லுங்க. வெள்ளிக்கிழமை உருளைக்குள்ள ஈர இலையை வெச்சீங்க இல்ல?"

டாக்டர் வெர்னெங்கோ கண்ணாடியைக் கழற்றினார். திடீரென்று அவருக்குப் பத்து வயது கூடியதுபோல இருந்தது.

"ரெண்டு கதவு இருக்கே, பம்பு இருக்கேன்னு நெனச்சேன்" என்றார் மெதுவாக. "ஈரம் உள்ள போகாதுன்னு கணக்குப் போட்டேன்."

"பம்பு எவ்வளவு நேரம் ஓடிச்சு?" கேட்டது நெலிதா. வாசலில் நின்றிருந்தாள்.

"அரை மணி. அப்புறம் நிறுத்திட்டேன். கரன்ட்டு..."

"ரெண்டு நாள். வெடிச்ச வாஷரைத் தாண்டி ரெண்டு நாளும் ஆவி உள்ள பூந்துக்கிட்டே இருந்திருக்கு."

"மார்ச்சுல நைட்ரஜன் சிலிண்டரா, மத்த செலவான்னு வந்தப்போ சிலிண்டரே போதும்னு முடிவு பண்ணேன் நெலிதா. மெஷின் நிக்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் சுருக்கினேன். இலையையும் சுருக்கினேன். சுருக்கறது பழகிப்போச்சு. மூணு தடவை நீ எழுதிக் கொடுத்ததையும்..." கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்தார். "கெட்ட தட்டைப் பார்த்ததும் உன் பேர்தான் முதல்ல வந்துச்சு. உன்னைக் கூப்பிட்டு ஒரு தடவை காட்டியிருந்தா உன் தட்டுதான்னு நீயே சொல்லியிருப்பே. காட்டல. மன்னிச்சுடு."

நெலிதா மன்னித்ததாகச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மொயானோ மறுபடியும் மேற்கூரையை ஆராய்ந்தார்.

வாசல் மணி அடித்தது. பங்குதாரர்கள் இரண்டு பேர், பயணக் களைப்போடு உள்ளே வந்தார்கள். தட்டுகள் எங்கே என்றார் அவர்களில் உயரமானவர். டாக்டர் எழுந்து நின்றார்.

"பதினாலும் கெட்டுப்போச்சு. கெடுத்தது நான். இவங்க செஞ்சு வெச்சது அத்தனையும் நல்ல தட்டு." எப்படிக் கெட்டது என்பதையும் சொன்னார். மாத்தே இலை என்ற இடத்தில் நாக்கு குழறியது, ஆனாலும் சொன்னார்.

உயரமானவர் மேசையில் கிடந்த வெளுத்த இலையைப் பார்த்தார், பிறகு நெலிதாவைப் பார்த்தார். "மறுபடியும் செய்ய முடியுமா?"

"பத்து நாள்ல" என்றாள் நெலிதா. "ஒரு சாமான் வாங்கினா."

அவள் மேசைக்கு வந்தாள். புகார்க் கடிதத்தை எடுத்துத் தன் பெயர் இருந்த வரியை ஒரு முறை படித்தாள். கிழித்துப் போடுவாள் என்று மொயானோ எதிர்பார்த்தார். வழக்கம்போல அவர் கணிப்பு தவறியது. அவள் காகிதத்தைத் திருப்பிப்போட்டாள். திறந்திருந்த பேனாவை எடுத்து, பின்பக்கத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினாள்: உருளை உள்கதவுக்கு ரப்பர் வாஷர், ஒன்று. அவசரம்.

"பின்பக்கம் வெறுமையாத்தான் இருக்கு டாக்டர்" என்று அவரிடம் நகர்த்தினாள். "காகிதத்தை வீணாக்க வேணாம். கையெழுத்துப் போடுங்க."

டாக்டர் கையெழுத்துப் போட்டார்.